பாவைக் குழுக்களும் பரிவு வணிகமும்

குரலினிமையும் ஆடற்றிறமும் மிக்காரே மக்கள் உள்ளத்தைக் கவர்வர் என்பது பொதுநெறி. சப்பான் நாட்டிலோ இந்நெறி தலைகீழாய்க் கிடக்கின்றது. இளம்பெண்கள் பதின்மர், இருபதின்மர், சிலகால் நூற்றுவர் எனத் திரண்டு நின்று பாடியாடும் இசைக்குழுக்கள் ஆங்குப் பலவுள. அவருட் பலர் தேர்ந்த பாடகியரும் அல்லர். கைவந்த ஆடலரும் அல்லர். எனினும், அவர்பொருட்டுத் தம் உழைப்பின் பயனையெல்லாம் கொட்டிக் கொடுக்கும் சுவைஞர் கூட்டம் பெருகி நிற்கின்றது. இதன் கரணியம் யாது?

இப்பெண்களைச் சப்பானியர் 'அய்தோரு' என்பர். வழிபடும் உரு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. நாம் அதனைப் 'பாவை' எனலாம். உருவத்தையும் இளம்பெண்ணையும் ஒருங்கே குறிக்கும் சொல் அஃது. பிறர் ஆட்டுவிக்க ஆடுவது என்னும் குறிப்பும் அதனுள் அடங்கும்.

1997-ஆம் ஆண்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் பாடகியர் தேர்வு நடந்தது. அதில் தோற்ற ஐவரை ஒருங்கு சேர்த்து, ஐந்து நாளில் 50,000 இசைத்தட்டுகளைத் தம் கையாலேயே விற்று முடித்தால் வாய்ப்பளிப்பதாகக் கூறினர். நான்கே நாளில் அவர் விற்று முடித்தனர். 'மோர்னிங் முசுமே' என்னும் பெருங்குழு அவ்வாறே தோன்றிற்று. மக்கள் அன்று விலை கொடுத்துக் கொண்டது பாட்டை மட்டுமோ? தோற்றவர் எழுந்து நிற்பதற்குத் தாமும் கைகொடுத்தோம் என்னும் பெருமிதத்தையும் அன்றோ!

இவ்வுண்மையை முற்ற உணர்ந்தவர் பாடலாசிரியர் யாசுசி அகிமோத்தோ. தோக்கியோவின் அகிகபாராப் பகுதியில் 2005-ஆம் ஆண்டு திசம்பரில் ஏறத்தாழ 250 பேர் கொள்ளும் சிற்றரங்கொன்றில் 'ஏ.கே.பி. 48' குழுவை அவர் தொடங்கினார். 'நேரிற் சென்று காணத்தக்க பாவையர்' என்பதே அதன் கொள்கை. முதல்நாள் சீட்டுப் பெற்று வந்த பொதுமக்கள் எழுவரே என்பர். 2012-இலோ அதே குழு தோக்கியோப் பேரரங்கில் மூன்று நாள் பாடிற்று. தொடக்கத்தில் தடுமாறிய சிறுமி நாளடைவில் நிமிர்ந்து நிற்பதைக் கண்ணெதிரே கண்ட சுவைஞன், அவளைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே எண்ணினான். முழுமை பெற்றாரை வியக்கலாம்; முழுமை பெறாதாரையே நாம் வளர்க்கலாம். வளர்த்தாரிடத்து அன்பு வேரூன்றும். இதுவே அக்குழுக்களின் புகழுக்கு அடித்தளம்.

அவ்வன்புக்குச் சுங்கம் தண்டியதே வணிகரின் வேலை. இசைத்தட்டுக்குள் கைகுலுக்கும் சீட்டை வைத்தனர். சில நொடிப் பழக்கம் விலைப்பொருளாயிற்று. 2009 முதல் 2018 வரை ஆண்டுதோறும் தேர்தல் நடத்தி, ஒப்போலையையும் தட்டுக்குள்ளேயே வைத்தனர். ஒரே தட்டை நூற்றுக்கணக்கில் வாங்கியோர் உண்டு. புக்குவோக்காவில் 500-க்கு மேற்பட்ட தட்டுகளை மலைப்பகுதியில் வீசிச் சென்ற ஒருவர்மீது 2017-இல் வழக்கே தொடரப்பட்டது. இசைக்காக வாங்கியிருந்தால் எறிய மனம் வருமோ?

இவ்வணிகத்தின் முழு விலையையும் கொடுப்பவர் யார்? அப்பெண்களே. பாவைக்குக் காதல் கூடாதென உடன்படிக்கையில் எழுதி வாங்கும் நிறுவனங்கள் உள. ஒருத்தியின் உள்ளம் ஒருவனுக்கு உரியதாயின், ஆயிரவரிடம் அதனை விற்கவியலாது என்பதே அத்தடையின் உட்பொருள். 2015-இல் அத்தடையை மீறிய 17 அகவைப் பெண்ணொருத்தி, நிறுவனத்துக்கு ஏறத்தாழ 6,50,000 யென் இழப்பீடு தரவேண்டுமெனத் தோக்கியோ முறைமன்றம் தீர்ப்பளித்தது. 2016-இல் அதே மன்றத்தின் வேறொரு நடுவர், அன்பு கொள்ளுதல் ஒருவர் தம் வாழ்வை இன்புறத் தேடும் உரிமையுள் அடங்கும் எனக் கூறி, மற்றொரு நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளினார். இரண்டனுள் எது நேரியது என்பதைப் பெண்பிள்ளையைப் பெற்ற எவரும் சொல்வர்.

நெருக்கத்தை விற்பதில் இடரும் உண்டு. 2014-ஆம் ஆண்டு மே திங்களில் இவாத்தே மாவட்டத்துக் கைகுலுக்கும் நிகழ்ச்சியொன்றில், ஒருவன் அறுப்புவாளால் தாக்கிப் பெண்கள் இருவரையும் பணியாளர் ஒருவரையும் காயப்படுத்தினான். அதன் பின்னர் பைகளைச் சோதித்தனர், காவலைப் பெருக்கினர். கைகுலுக்கும் வாணிகத்தை மட்டும் விட்டாரில்லை.

'விரும்பித்தானே அவர் சேர்ந்தனர்?' எனக் கேட்பாருளர். பதினான்கு, பதினைந்து அகவையில் இட்ட கையெழுத்தைக் காட்டி ஒருத்தியின் இளமை முழுவதற்கும் உரிமை கொண்டாடுவது எவ்வகை அறம்?

சுவைஞரை நாம் எள்ளுதல் வேண்டா. பெருநகரில் பகலெல்லாம் உழைத்துத் தனியறைக்கு மீள்பவன், தன் பெயரை நினைவிற்கொண்டு சிரிக்கும் ஒரு முகத்தை நாடுதல் இயல்பே. அவன் அன்பு மெய்யானது. மெய்யாகவே அவளை அவன் வளர்க்க விரும்பினால், அவள் வளர்ந்து தனக்கென ஒரு வாழ்வு தேடும் நாளிலும் மகிழவேண்டும். பாவை என்று பெயரிட்டாலும் அவள் பெண். பெண்ணுக்கு உள்ளம் உண்டு. அவ்வுள்ளம் எவர் கடைச்சரக்கும் அன்று!