பெயர்ச்சீட்டில் ஒரு கேள்விக்குறி

சென்ற தை மாதத்தில் மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு சிறு தொட்டியைக் கொண்டுவந்து காட்டினான். அதில் ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு முள் உருண்டை. அதை ஒட்டி நெல்லிக்காய் போல ஏழெட்டுக் குட்டி உருண்டைகள். பெயர்ச்சீட்டில் ‘மாமில்லேரியா’ என்று எழுதியிருந்தான்.

“எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“ஒரு படத்தில் இதே மாதிரி இருந்தது, சார். ஆனால் எங்கள் பாட்டி, ‘கள்ளியை வீட்டில் வைக்காதேடா, பால் பட்டால் கண் போய்விடும்’ என்கிறார்கள்” என்றான்.

மாணவ நண்பர்களே! பாட்டி சொன்னது பொய்யன்று. சதுரக்கள்ளியின் பால் கண்ணுக்குக் கேடுதான். ஆனால் சதுரக்கள்ளி ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த உண்மையான கேக்டஸ். தமிழில் இரண்டையும் ‘கள்ளி’ என்கிறோம். எங்கள் திருத்தணியில் தெலுங்கு பேசுவோரும் முன்னதைப் பொம்மஜெமுடு, பின்னதை நாகஜெமுடு என்று ஒரே இனம் போலத்தான் அழைக்கிறார்கள். வறட்சியைத் தாங்கும் தேவை, இரு வேறு குடும்பங்களுக்கும் ஒரே தோற்றத்தைத் தந்துவிட்டது.

வேறுபடுத்துவது எப்படி? முள்ளின் அடியைப் பாருங்கள். கேக்டஸில் முட்கள் பஞ்சு போன்ற ஒரு சிறு திட்டிலிருந்து கொத்தாக எழும். இதற்கு ஏரியோல் என்று பெயர். மாணவனின் செடியில் அது தெளிவாக இருந்தது. ஆகவே அது கேக்டஸ்தான். ஆனால் எந்தக் கேக்டஸ்? பூக்கும் வரை பொறுத்திருக்கச் சொன்னேன்.

பூக்க வைப்பதற்குச் செடியின் இயல்பு தெரிய வேண்டும். ஒரே கொள்ளளவுள்ள வடிவங்களுள் மிகக் குறைந்த மேற்பரப்பு உடையது கோளம். எனவே நீர் ஆவியாவதும் குறைவு. மேலும் இச்செடி பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில்தான் கரியமில வாயுவை உள்ளிழுக்கிறது. இவ்வளவு சிக்கனமான செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். அடியில் துளையுள்ள தொட்டியில் மணலும் செங்கல் தூளும் பாதி, மக்கிய இலை உரமும் மண்ணும் பாதி போதும். மண் முழுதும் காய்ந்த பின்பே நீர் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்கடியில் வைக்க வேண்டும். காலை வெயில் நன்று. கத்திரி வெயிலில் பிற்பகல் நிழல் தேவை. குட்டிகள் மிகுந்தால் சிலவற்றைப் பிரித்து, காயம் உலர்ந்த பின் மணலில் வைத்தால் வேர்விடும்.

பங்குனியில் உருண்டையின் பக்கவாட்டில், ஓர் ஏரியோலிலிருந்து, சாம்பல் நிற மயிர்ப்பந்து போன்ற அரும்பு எழுந்தது. சித்திரையில் ஒரு மாலை அது விரிந்தது. ஒரு சாண் நீளக் குழல். நுனியில் இளஞ்சிவப்புப் பூ. மறுநாளே வாடிவிட்டது. மாமில்லேரியாவிலோ பூக்கள் பெரும்பாலும் சிறியவை. உச்சியை அடுத்து, குமிழ்களின் இடுக்கிலிருந்து வளையமாகத் தோன்றும். ஆகவே இது எக்கினாப்சிஸ். கிரேக்க மொழியில் ‘முள்ளெலி போன்றது’ என்று பொருள். தென் அமெரிக்காவே இதன் தாயகம்.

“பெயர் மாறினால் என்ன சார்?” என்று அவன் கேட்டான். வரலாறு பதில் சொல்கிறது. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி என்று நம்பி, 1795-இல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை வங்காளத்துக்குக் கொண்டுவந்தனர். அது வேறு இனம். நல்ல சாயம் தரவில்லை. தென்னிந்தியாவுக்கு வந்தபோது ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று அழித்தது; மற்றொரு வகையைத் தொடவே இல்லை. அந்த வகையை ஒடுக்க 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மனிதர் ‘சப்பாத்தி’ என்று ஒன்றாக அழைத்தவற்றின் வேறுபாடு பூச்சிக்குத் தெரிந்திருந்தது!

படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சூட்டும் பழக்கம் நம் பள்ளிகளில் மிகுந்துவிட்டது என்பது என் கருத்து. இப்போது கைப்பேசியும் நொடியில் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறது. அது ஓர் ஊகமே, சான்றன்று. எந்த அடையாளத்தைக் கண்டு அப்பெயரை ஏற்றோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். சொல்ல முடியாதபோது ‘தெரியவில்லை’ என்று எழுதுவது இழுக்கன்று. ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

மாணவன் சீட்டை மாற்றி எழுதினான்: ‘எக்கினாப்சிஸ் ? பக்க அரும்பு, மயிர்க்குழல், மாலையில் விரிந்தது.’ கீழே தேதியும் இட்டான். தோட்டங்களில் வளர்வன பல கலப்பினங்கள் என்பதால் சிற்றினத்தைச் சொல்ல அவனுக்குச் சான்று போதவில்லை. முதற்சீட்டைவிட இந்தக் கேள்விக்குறிக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன். உங்கள் தொட்டியிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கட்டும்.