முகவரி யார் பேரில்?

எங்கள் சோழவந்தான் வட்டாரத்து அறக்கட்டளை ஒன்று தன் இணையதளத்தை மலிவான வேறொரு நிறுவனத்துக்கு மாற்றியது. மறுநாள் பார்த்தால், 11 ஆண்டு ஆண்டறிக்கைகளிலும் தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். பழைய சுட்டிகளைத் தொட்டால் ‘பக்கம் இல்லை’ என்று வருகிறது. நிர்வாகியிடம் கேட்டேன். “வருசத்துக்கு நாலாயிரம் மிச்சம்ணே, அதப் பாருங்க” என்றார்.

இடம் மாறுவது குற்றமல்ல. வெற்றிலை விளையும் ஊரில் இதைச் சொல்லித் தரவும் வேண்டாம். கொடிக்கால் ஒரே மண்ணில் காலத்துக்கும் நிற்பதில்லை. மண் சோர்ந்தால் வேறு வயலுக்குப் போகிறோம். எப்படிப் போகிறோம்? புது வயலில் பாத்தி கட்டி, முதலில் அகத்தி விதைக்கிறோம். அகத்தி எழும்பி நிழல் தந்த பிறகுதான் பழைய கொடியிலிருந்து விதைக்கொடி எடுத்து வந்து நடுகிறோம். அது வேர்பிடித்து ஏறும்வரை பழைய கொடிக்காலுக்குத் தண்ணீரை நிறுத்துவோமா? 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை இந்தப் பொறுமையில் பிழைத்து வந்த பயிர்.

இணையதளத்துக்கும் அதே முறைதான். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதில் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் நகலெடுத்து, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான், முகவரி எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் கை வைக்க வேண்டும். அந்த மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர ஓரிரு நாள்கூட ஆகலாம். மின்னஞ்சலுக்கான பதிவை மறந்தால் நன்கொடையாளர் எழுதும் கடிதம் வந்து சேராது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து அமைத்த தரவுத்தளத்தில் அதைக் கொட்டினால் கேள்விக்குறிதான் மிஞ்சும். கேள்விக்குறியாகவே சேமித்துவிட்டால் அந்த நகலிலிருந்து எழுத்தை மீட்க வழியே கிடையாது.

‘பழைய பக்கத்தை யார் பார்க்கிறார்கள், ஃபேஸ்புக் போதும்’ என்பவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை. அவர்கள் ஒரே ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும்: 38. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் சொன்னது இது. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தே ஆண்டில் எட்டாமல் போய்விட்டன. நூறு வெற்றிலைக் கவுளியில் 38 அழுகல் என்றால் எந்த வியாபாரி எடுப்பார்? போகும் கூட்டங்களில் எல்லாம் இதைச் சொல்கிறேன், இனியும் சொல்வேன். புனலுக்குத் தப்பிக் கரை சேர்ந்ததாகச் சொல்லும் ஏட்டின் பெயரைத் தாங்கி நிற்கும் திருவேடகம் எங்கள் பக்கத்து ஊர். இங்கே இருந்துகொண்டு நாலாயிரம் ரூபாய்க்காக 11 ஆண்டு எழுத்தைத் தொலைத்ததை அலட்சியம் என்று சொன்னால் போதாது. அது துரோகம்.

செய்ய முடியாத காரியமும் அல்ல. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று, 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த நூல்கள் அவை. எழுத்துரு மாறியது, டிஸ்கி என்ற பழைய குறியீட்டு முறை போய் யூனிகோடு வந்தது, தளத்தின் இருப்பிடமும் மாறியது. திருக்குறளுக்குக் கொடுத்த முதல் எண் மட்டும் இன்றும் முதல் எண்தான். எண் நிலைத்திருப்பதால் கோப்பு எங்கே போனாலும் தேடி எடுத்துவிடலாம். தன்னார்வலர்களால் முடிந்தது, அலுவலகமும் கணக்கரும் வைத்திருக்கும் அறக்கட்டளைகளால் ஏன் முடியவில்லை?

இன்னொன்றும் தெரியவந்தது. அந்த அறக்கட்டளையின் டொமைன், அதாவது இணைய முகவரி, தளத்தை வடிவமைத்துக் கொடுத்த இளைஞரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. அவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். அறக்கட்டளை நிலத்தை ஒரு தனியாள் பேரில் பத்திரம் போட்டால் ஊர் சும்மா விடுமா? டொமைனும் சொத்துதான், சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். நன்கொடைக்கான வரிச்சலுகைப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதே, டொமைன் யார் பேரில் இருக்கிறது, பழைய பக்கங்களின் நகல் எங்கே என்று வருமான வரித் துறை கேட்கட்டும். பதில் சொல்ல முடியாத அறக்கட்டளைக்கு வரிச்சலுகையும் வேண்டாம்.

எங்கள் நிர்வாகிகளுக்கு: கணக்கு மூடியபின் பழைய நிறுவனம் நகலை அதிக நாள் வைத்திருக்காது. இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.