மழலையர் கல்வி: 'லாம்' போதுமா?

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழையும், தெருவில் இந்தியையும் மராத்தியையும் கேட்கிறது. மழலையர் பள்ளியிலோ பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே அதை எதிர்கொள்கின்றன. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையிலான இந்தத் தொலைவைக் கடக்க, அக் குழந்தைக்கு முதலில் தேவை எழுத்துப் பயிற்சி அல்ல, ஒரு கைப்பொம்மைதான் என்றால் பலர் நகைக்கக்கூடும்.

ஆனால், இதில் நகைக்க ஏதுமில்லை. குச்சியைக் குதிரையாகப் பாவித்து விளையாடும் குழந்தை, ஒன்று மற்றொன்றைக் குறிக்க முடியும் என்பதைக் கற்றுக்கொள்கிறது என 1930-களிலேயே விளக்கினார் ரஷிய உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி. எழுத்தும் ஒலியைக் குறிக்கும் அடையாளம்தானே! ஆசிரியரிடம் வாய் திறக்கத் தயங்கும் குழந்தையும் பொம்மையிடம் பேசும். பொம்மை கதையை மாற்றிச் சொன்னால் திருத்தும். கேட்ட கதையை வரிசையாகச் சொல்லப் பழகும் குழந்தைக்குப் பின்னாளில் படித்ததன் பொருளும் எளிதில் வசப்படும்.

இதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. மகாராஷ்டிரத்தின் கடலோரக் கிராமமான போர்டியில் 1945-ல் மழலையர் கல்வியைத் தொடங்கிய தாராபாய் மோடக், உள்ளூரில் கிடைத்த பொருள்களையே கற்பிக்கும் கருவிகளாக்கினார்.

மத்திய அரசும் இதை அறியாததல்ல. குழந்தைகள் மூன்றாம் வகுப்பை முடிப்பதற்குள் பொருளுணர்ந்து படிப்பதை 2026-27-க்குள் உறுதிசெய்வதாக 2021-ல் 'நிபுண் பாரத்' திட்டம் அறிவிக்கப்பட்டது. பொம்மைகள், புதிர்கள், கதைப் புத்தகங்கள் அடங்கிய 'ஜாதூயி பிடாரா' எனும் மந்திரப் பெட்டியை 2023 பிப்ரவரியில் தில்லியில் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் வெளியிட்டார்.

பெட்டி வந்துவிட்டது, உரிமை வந்ததா என்பதே கேள்வி. 2002-ல் நிறைவேறிய 86-வது அரசியல் சட்டத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலானோருக்கே கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்கு உள்பட்டோரை, நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாத வழிகாட்டு நெறியில் நிறுத்தியது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவும், மூன்று வயது முதல் இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறதே தவிர, 'செய்ய வேண்டும்' என்று கூறவில்லை. அங்கன்வாடி ஓர் அமைச்சகத்திடம், பள்ளி வேறோர் அமைச்சகத்திடம் என்ற பிரிவினையும் தொடர்கிறது.

வசதியுள்ள பெற்றோருக்கு இந்த 'லாம்' பொருட்டல்ல. பணம் கட்டி நல்ல மழலையர் பள்ளியில் சேர்ப்பார்கள். கிங்ஸ் சர்க்கிளுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள தாராவியின் தினக்கூலித் தொழிலாளி எங்கே போவார்?

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. அதன் உணர்வு மழலையர் வகுப்புக்கும் எட்ட வேண்டும். தாராவிக் குழந்தையிடம் பொம்மை தமிழில் பேச வேண்டும். பேசவைக்க அங்கன்வாடிப் பணியாளருக்குப் பயிற்சியும் நேரமும் தர வேண்டும்.

'லாம்' என்பதை 'வேண்டும்' என்று மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் உள்ளது. தமிழக உறுப்பினர்களும் மகாராஷ்டிர உறுப்பினர்களும் கைகோத்து இதற்குக் குரல் கொடுக்கலாமே!