இம்யூனோகுளோபுலின்: கட்டிலருகே பிடிபட்ட மோசடி

2024 பெப்ரவரி 2ஆம் திகதி, அப்போது சுற்றாடல் அமைச்சராக இருந்த முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைது செய்தபோது, செய்திகள் பெரும்பாலும் பணத்தைப் பற்றியே பேசின. 22,500 குப்பி இம்யூனோகுளோபுலின், 13 கோடி ரூபா, போலி ஆவணங்கள். தயாரித்ததாகக் காட்டப்பட்ட இந்திய நிறுவனம், அது தாம் அனுப்பிய மருந்தே இல்லை என்றது. வழக்கு நீதிமன்றில் இருக்கிறது.

இந்த மருந்து எங்கே பிடிபட்டது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை. கொள்வனவு, அனுமதி, களஞ்சியம் என எல்லாப் படிகளையும் அது தாண்டி வந்துவிட்டது. வைத்தியசாலைகளில் நோயாளருக்கு ஒவ்வாமை ஏற்பட்டதாக அறிக்கைகள் வந்த பிறகுதான் 2023இல் பாவனை நிறுத்தப்பட்டது. ஆய்வுகூடப் பரிசோதனையும் அதன் பின்னரே. கடைசிக் காவலாக இருந்தது கட்டிலருகே நடக்கும் கண்காணிப்பு. அந்த வேலையில் பெரும்பகுதி தாதியருடையது.

ஆயிரத்துக்கும் அதிகமானோரின் குருதித் திரவவிழையத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் மருந்து இது. கியான்-பரே நோயில் கைகால் செயலிழந்தவருக்கும், கவசாக்கி நோய் வந்த குழந்தைக்கும் நாளம் வழியாக ஏற்றப்படுகிறது. கியான்-பரே நோயாளருக்கு வழமையான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம். 5 கிராம் குப்பியென்றால் 24 குப்பிகள்.

ஒவ்வொரு குப்பியையும் தாதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ ஏற்றக்கூடாது. குலுக்கவும் கூடாது, நுரைத்துவிடும். தொகுதி இலக்கத்தைப் பதிய வேண்டும். மிக மெதுவாகத் தொடங்கி, முதல் மணித்தியாலத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், காய்ச்சல், மூச்சு பார்த்து, பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். ஒவ்வாமை தெரிந்தால் உடனே நிறுத்தி வைத்தியரை அழைக்க வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு தாதியர் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டனர். எஞ்சியவர் ஒரே நேரத்தில் எத்தனை கட்டிலருகே நிற்பது?

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மானி காட்டுமுன்பே சில அறிகுறிகளை நோயாளர் வாயால் சொல்லவேண்டியிருக்கும். “குளிருது”, “நெஞ்சு இறுக்குது”, “இடுப்பு உளையுது”. வடக்கு கிழக்கிலிருந்து கொழும்புக்குச் சிகிச்சைக்கு வருபவருக்குச் சிங்களம் தெரியாமல், தாதிக்குத் தமிழ் தெரியாமல் இருந்தால் அந்தச் சொற்கள் வீணாகும். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழிதான். வார்ட்டில் அதை உறவினரே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அவரோ பார்வையாளர் நேரம் முடிந்ததும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள லொட்ஜுக்குத் திரும்பவேண்டும். 2007 ஜூன் 7இல் எங்கள் சனங்களைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய அதே லொட்ஜுகள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்திருக்காவிட்டால் அது தொடர்ந்திருக்கும்.

இந்த மருந்து ஏற்றப்படுகிறவரின் வீட்டார் சிலவற்றைக் கேட்டுச் செய்யலாம். முன்பு ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால், சிறுநீரகக் கோளாறோ இரத்தக் கட்டியோ இருந்திருந்தால், ஏற்றுமுன் சொல்லுங்கள். குளிர், தலையிடி, மூச்சுமுட்டு ஆகியவற்றுக்கான சிங்களச் சொற்களை ஒரு துண்டில் எழுதி நோயாளியின் கையில் கொடுங்கள். ஏற்றிய மருந்தின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தொகுதி பின்னர் மீளப்பெறப்பட்டால், அது உங்களவருக்கு ஏறியதா என்று அந்த இலக்கத்தைக் கொண்டுதான் சொல்லமுடியும்.