குப்பை மீனும் கோமான் மீனும்

அணைக்கட்டின் அடியிலே ஆறு சாந்தமாக ஓடுகிறது. கூழாங்கல்லை எண்ணக்கூடிய தெளிந்த நீர். அதிலே ட்ரவுட் மீன். கரையிலே இறகினாற் கட்டிய பொய்ப்பூச்சியை வீசியபடி ஒரு கனவான். இயற்கையின் மடியில் மனிதன் அமைதி காணும் காட்சியென்று இதனை வருணிக்கும் கட்டுரைகளுக்கு ஆங்கிலத்திற் பஞ்சமில்லை. அக்காட்சியில் இயற்கை எவ்வளவு, செய்கை எவ்வளவு என்று கேட்போரோ மிகச் சிலர். ஐக்கிய அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலே, கிறீன் ஆற்றின் குறுக்கே நிற்கும் பிளேமிங் கோர்ஜ் அணைக்கட்டை முன்வைத்து நாம் அக்கேள்வியைக் கேட்போம்.

கொலறாடோவின் பெருங்கிளையான இவ்வாறு, அணை எழுமுன் கலங்கல் ஆறு. வசந்தத்திற் பனியுருகி வெள்ளமாய்ப் பெருகும். கோடையில் வெதுவெதுப்பாகி மெலியும். அந்தச் சேற்றுக்கும் வெள்ளத்துக்கும் இசைந்து வளர்ந்த மீன்கள் அதிலிருந்தன: முதுகிற் கூன் விழுந்த ஒன்று, வால்முனை எலும்பாய் மெலிந்த ஒன்று, முதுகு கத்தியாய்க் கூர்ந்த ஒன்று, ஆறடிவரை வளர்ந்ததாகச் சொல்லப்படும் பைக்மின்னோ என்ற வேட்டை மீன். இந்தப் பைக்மின்னோவை வெள்ளைக் குடியேறிகளே 'வெள்ளைச் சல்மன்' என்று பாராட்டி உண்டனர். பின்னர் பொழுதுபோக்குத் தூண்டிற்காரரின் காலம் வந்தது. வயிற்றை நிரப்பிய மீன் 'குப்பை மீன்' ஆயிற்று. பெயர் சூட்டும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையிலேதான் உயிரின் விலையும் இருக்கிறது!

1962 செப்ரெம்பரில் நடந்ததை ஆசிரியர்கள் தம் மாணவருக்குச் சொல்லவேண்டும். அணையின் கதவுகள் மூடப்படுவதற்குச் சில வாரங்களே இருந்தன. யூற்றா, வயோமிங் ஆகிய இரு மாநிலங்களின் மீன் திணைக்களங்கள் கிறீன் ஆற்றிலும் அதன் கிளைகளிலுமாகச் சுமார் 700 கிலோமீற்றர் தூரத்துக்கு றொட்டினோன் என்ற நஞ்சைக் கலந்தன. சில அவரையினக் கொடிகளின் வேரிலிருந்து எடுக்கப்படும் இந்நஞ்சு, மீனின் உயிரணுக்களை ஒட்சிசனைப் பயன்படுத்தவிடாமற் கொல்வது. வெளியிலிருந்து வந்த காப் மீனும் செத்தது. வேறெங்கும் இல்லாத இம்மண்ணின் மீன்களும் செத்தன. புதிய நீர்த்தேக்கத்தையும் அதன் கீழாற்றையும் ட்ரவுட்டுக்காகத் துப்புரவாக்குவதே நோக்கம். பிறவுண்ஸ் பார்க் பாலத்தருகே பொற்றாசியம் பரமங்கனேற்றைக் கொட்டி நஞ்சை முறித்துவிடலாமென்று கணக்கிட்டனர். கணக்குப் பிழைத்தது. நஞ்சு கீழே வழிந்து, கூட்டாட்சி அரசின் பாதுகாப்பிலிருந்த டைனசோர் தேசிய நினைவகத்துக்குள்ளும் புகுந்தது. றொபேட் மில்லர் போன்ற மீனியல் அறிஞர் முன்கூட்டியே எழுப்பிய எதிர்ப்பு கேளாச் செவியில் விழுந்தது.

அதன்பின் பிறந்ததுதான் நாம் முதலிற் கண்ட தெளிவு. ஆற்றின் சேறு முழுவதும் தேக்கத்தின் அடியிற் படிந்துவிட, ஆழத்திலிருந்து குளிர்நீர் மட்டும் வெளியேறுகிறது. அந்தக் குளிர் விருந்தாளிக்கே ஒத்துக்கொள்ளவில்லை. ட்ரவுட் சரியாக வளரவில்லை என்று கண்டு, 1978இல் அணையின் நீர்வாயிலையே மாற்றியமைத்தார்கள். மேல்மட்டத்து வெப்பநீர் கிடைக்க வழிசெய்தார்கள். ஊர் மீனுக்கு நஞ்சு, விருந்து மீனுக்கு வெந்நீர்! வானவில் ட்ரவுட் பசிபிக் கரையோரத்தது, பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவினது. இரண்டுமே இவ்வாற்றில் வந்தேறிகள்.

"எப்படியும் குளிரிற் சாகவிருந்த மீன்கள்தாமே" என்று வாதிப்போர் உண்டு. தூக்குமேடைக்குச் செல்பவனை வழியிலே அடித்துக் கொன்றவனுக்கும் இவ்வாதம் உதவும். உண்மையான காரணம் கணக்கேட்டில் இருக்கிறது. அங்கே மீன் திணைக்களங்களின் வருவாயிற் பெரும்பகுதி தூண்டில் அனுமதிப்பத்திரத்தாலும், 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தூண்டிற் கருவிகளுக்கு விதிக்கப்படும் வரியாலும் வருவது. பணம் கொடுப்பவன் விரும்பும் மீனே மீன். (நமது நுவரெலியா ஓடைகளுக்கும் ட்ரவுட் இப்படித்தான் வந்தது. 1880களில் ஆங்கிலத் தோட்டத்துரைமார் தம் ஓய்வுநேரத்துக்காகக் கடல்கடந்து முட்டைகளைக் கொண்டுவந்தனர். கொழுந்து பறித்தவர்களின் லயன் அறைகளுக்கு அத்தகைய கரிசனம் கிட்டவில்லை.)

நம் அணியினரிற் சிலர், "மின்சாரம் முக்கியமா, மீன் முக்கியமா?" என்று கேட்கக்கூடும். அணைக்கட்டை முன்னேற்றத்தின் சின்னமாகப் பாடி வளர்ந்தவர்கள் நாம். மின்சாரம் வேண்டாமென்று இங்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த 700 கிலோமீற்றர் நஞ்சிலிருந்து ஓர் அலகு மின்சாரமும் பிறக்கவில்லை. பிறந்தது கேளிக்கை மட்டுமே. பொதுத்தேவையின் நிழலில் ஒரு சிறு கூட்டத்தின் விருப்பம் எப்படிக் குளிர்காய்கிறது என்பதைப் பிரித்தறியாத முற்போக்கு, காண்ட்றாக்டரின் முற்போக்கு.

எதிர்ப்பின் ஓசை வீண்போகவில்லை. 1963இல் உள்துறைச் செயலாளர் ஸ்ரூவட் யூடல், அரிய உயிரினங்களை எண்ணிப்பாராமல் இத்தகைய வேலைகள் இனி நடக்கலாகாதென்றார். 1973இல் அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. இன்று எலும்புவால் மீனுக்குத் தானாகப் பெருகி நிலைக்கும் கூட்டம் எந்த ஆற்றிலும் இல்லை. முன்பு நஞ்சு ஊற்றிய அதே யூற்றாவின் திணைக்களம், பொரிப்பகத்துத் தொட்டிகளில் அம்மீனை வளர்த்து, குஞ்சு குஞ்சாகக் கிறீன் ஆற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது. அச்செலவை ஏற்பது தூண்டில் வரியன்று. பொதுப்பணமும் மின்விற்பனை வருவாயுமே.