‘தெரிந்த குறைபாடு’ என்னும் வழுவமைதி

தமிழ் இலக்கணத்தில் வழு வேறு, வழுவமைதி வேறு. வீடு திரும்பும் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால் அது திணை வழு. ஆயினும் உவப்பினால் சொல்லப்பட்டது என்பதால் இலக்கணம் அதை அமைத்துக்கொள்கிறது. எந்தெந்தக் காரணத்தால் அமைக்கலாம் என்பதையும் நன்னூல் பெயர் சொல்லி வரையறுக்கிறது: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. காரணம் காட்ட இயலாத இடத்தில் வழு வழுவாகவே நிற்கும்.

கடலில் நிறுவப்படும் எண்ணெய்த் தளங்களையும் மிதவைக் கலங்களையும் கணினியில் பாவித்துப் பார்க்கும் மென்பொருள்களுக்கு ‘தெரிந்த குறைபாடுகள்’ என்றொரு பட்டியல் உண்டு. அதன் மொழி தனியே ஆராயத்தக்கது. ‘சில சூழல்களில் முடிவுகள் துல்லியம் குறைந்து காணப்படலாம்’ என்பது அதன் வழக்கமான வாய்பாடு. எந்தச் சூழல், எவ்வளவு குறைவு, எந்தப் பக்கமாகக் குறைவு என்பன சொல்லப்படுவதில்லை. ‘காணப்படலாம்’ என்ற வினைக்குக் கருத்தா இல்லை. அடுத்த வரியில் ஒரு ‘மாற்று வழி’ தரப்படும். வழியே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்றைச் செய்து காரியத்தை நகர்த்துவதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது: ஒப்பேற்றுதல். பட்டியலில் அந்தச் சொல்லை எழுதினால் கையெழுத்திடும் பொறியாளர் ஒரு கணமாவது தயங்குவார். ‘மாற்று வழி’ என்று எழுதினால் தயங்கமாட்டார்.

இதைச் சொற்சண்டை என்று தள்ளுவோர் 1991ஆம் ஆண்டு நார்வேயில் நடந்ததைப் படிக்க வேண்டும். வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயு வயலுக்காக, 82 மீட்டர் ஆழமுள்ள கடலில் நிறுத்துவதற்கென்று, 24 கான்கிரீட் அறைகளைக் கொண்ட மாபெரும் அடித்தளம் கட்டப்பட்டது. ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாவாங்கர் நகருக்கு அருகில் உள்ள கடற்கழியில், மேல்தளத்தைப் பொருத்துவதற்கான முன்னேற்பாடாக, அதை நீருக்குள் மெல்ல இறக்கினார்கள். சுமார் 65 மீட்டர் ஆழத்தில் ஒரு சுவர் வெடித்தது. உள்ளே புகுந்த நீரை இறைப்பான்களால் ஈடுகட்ட முடியவில்லை. தளத்தில் இருந்தவர்கள் உயிர் தப்பினர். அடித்தளம் 220 மீட்டர் ஆழத்தில் மோதி நொறுங்கியது. அந்த மோதல் நில அதிர்வுமானிகளில் 3.0 அளவாகப் பதிவாயிற்று. மொத்த இழப்பு சுமார் 70 கோடி டாலர்.

உடைந்த இடம் மூன்று வட்ட அறைகள் ஒன்றையொன்று தொடுமிடத்தில் உண்டாகும் முக்கோண இடைவெளியின் சுவர். அந்த இடைவெளி மேலே கடலுக்குத் திறந்திருந்ததால் கடல்நீரின் முழு அழுத்தமும் உள்ளிருந்தே சுவரைத் தள்ளியது. வடிவமைப்புக் கணக்கு நாஸ்ட்ரான் என்னும் புகழ்பெற்ற மென்பொருளில் போடப்பட்டிருந்தது. ஆனால் அந்த மூலையில் சுவரைச் சிறு கூறுகளாகப் பிரித்த வலை பரும்படியாகவும் கோணலாகவும் இருந்தது. அதனால் சுவரில் எழும் வெட்டு விசை 47 சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டது. அந்தக் குறைந்த எண்ணை நம்பியே சுவரின் தடிமனும் கம்பிகளும் தீர்மானிக்கப்பட்டன. கம்பிகளும் வேண்டிய நீளத்துக்குச் செல்லவில்லை. விபத்துக்குப் பின் நுணுக்கமான வலையோடு மீண்டும் கணக்கிட்டபோது, இந்தச் சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது.

இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. ‘மென்பொருள் தளத்தை மூழ்கடித்தது’ என்பது செய்தித்தாள் கட்சி, அது தவறு. ‘மென்பொருள் சரியே, பயன்படுத்தியவர் பிழை செய்தார்’ என்பது தொழில்துறையின் கட்சி. அது தவறன்று, ஆனால் அதன் நேர்மை அரைகுறையானது. கோணலான கூறுகள் விசையைத் தவறாகக் காட்டும் என்பது 1991க்கு முன்பே பாடநூல்களில் இருந்த செய்தி. அந்த அறிவு ஓரிடத்தில் இருந்தது, சுவரின் தடிமனைத் தீர்மானித்த கை வேறிடத்தில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு யாருக்கும் எழுதப்படவில்லை. ‘பயன்படுத்தியவர்’ என்ற ஒருமைப் பெயருக்குள் எத்தனை பேர் ஒளிந்துகொள்ள முடிகிறது!

இன்றைய பட்டியல்களிலும் நிலை இதுவே. மிதவைக் கலத்தின் மீது அலை மோதுவதைக் கணக்கிடும் நிரல்களில் ஒரு பழைய வழு உண்டு. கலத்தின் உட்புறத்தில் கடல்நீர் இல்லை. ஆனால் சமன்பாட்டுக்கு அது தெரியாது. குறிப்பிட்ட சில அதிர்வெண்களில், அந்த இல்லாத நீர் தளும்புவது போல விடைகள் திடீரென்று துள்ளிப் பொய்த்துவிடும். கணிதவியலர் ஃபிரிட்ஸ் ஜான் 1950இலேயே இதைச் சுட்டிவிட்டார். உட்புற நீர்மட்டத்தில் கற்பனையாக ஒரு மூடியை வைத்துக் கணக்கிட்டால் துள்ளல் அடங்கும். இது நல்ல அமைதி: காரணம் தெரியும், எல்லை தெரியும், ஏன் செல்லும் என்பதற்கு நிறுவலும் உண்டு.

இன்னொரு மூடியும் உண்டு. அதன் கதை வேறு. திரவ எரிவாயுக் கலங்கள் இரண்டு பக்கம் பக்கமாக நிற்கும்போது இடையிலுள்ள ஒடுங்கிய நீர்ப்பரப்பில் அலை எழும்பும். நீரின் பாகுத்தன்மையை விட்டுவிட்டுக் கணக்கிடும் இந்த நிரல்கள் அந்த அலையை அளவுக்கு மீறி உயர்த்திக் காட்டும். ஆகவே அந்தப் பரப்பின் மேல் ஒரு தணிப்பு மூடியைப் போட்டு, மாதிரிக் கலத்தைத் தொட்டியில் சோதித்துப் பெற்ற அளவோடு பொருந்தும்வரை ஒரு கெழுவைத் திருகுகிறார்கள். சோதனை நடந்த அதே கலத்துக்கு இது செல்லும். வேறு கலத்துக்கு, வேறு இடைவெளிக்கு, ‘போன திட்டத்தில் போட்டது’ என்று அதே எண்ணைப் போட்டால்? தணிப்பு மிகுந்தால் அலை குறையும். கலங்களைத் தள்ளும் விசையும் அதனோடு மாறும். கட்டுவடங்கள் அந்த விசையை நம்பித் தேர்ந்தெடுக்கப்படும். அறிக்கையின் இறுதி அட்டவணையில் அந்தக் கெழு எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லையென்றால், அதைச் சரிபார்ப்பவர் எதைச் சரிபார்க்கிறார்?

நிறுவனங்களின் மறுமொழி தெரிந்ததே. முழுப் பட்டியலைப் பொதுவில் வைத்தால் போட்டியாளர் அதைக் காட்டி வாடிக்கையாளரை அச்சுறுத்துவார் என்பார்கள். அச்சுறுத்தட்டும். மருந்துப் பெட்டிக்குள் பக்கவிளைவுகளை அச்சிட்டு வைப்பதால் மருந்துக்கடைகள் மூடப்படவில்லை. கட்டணம் செலுத்தியவர் மட்டும் நுழையும் பக்கத்தில் குறையைப் பூட்டிவைப்பவர், அந்தத் தளத்தின் மீது உறங்கப்போகும் தொழிலாளியிடமிருந்தும் அதைப் பூட்டிவைக்கிறார்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. மும்பை ஹை எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது 1974இல். அங்குள்ள பழைய தளங்களின் ஆயுளை நீட்டிக்க வேண்டுமானால் அவற்றின் வலிமையைக் கணினியில் மறுபடியும் கணக்கிட்டாக வேண்டும். அத்தகைய கணக்கில் மாதிரிக் கோப்பு ஒரு தலைமுறைப் பொறியாளரிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறும். கோப்பு கைமாறும்போது, அதற்குள் எவரோ ஒருவர் ஒப்பேற்றிய இடங்களும் சேர்ந்தே கைமாறும்; ஏன் ஒப்பேற்றினார் என்பது மட்டும் அவரோடு ஓய்வு பெற்றுவிடும்.

பல்கலைக்கழகங்கள் இதில் தூய்மையானவை அல்ல. கடல்சார் பொறியியல் ஆய்வேடுகளில் மென்பொருளின் பெயர் பெருமையோடு இடம்பெறுகிறது. அதன் பதிப்பு எண் பல வேளைகளில் இடம்பெறுவதில்லை. ஒரு பதிப்பில் இருந்த வழு அடுத்த பதிப்பில் திருத்தப்பட்டிருக்கும், அல்லது புதிய வழு ஒன்று சேர்ந்திருக்கும். பதிப்பு எண் இல்லாத முடிவு, ஏட்டுச்சுவடியின் பாடபேதத்தைக் குறிக்காமல் பதிப்பித்த நூலைப் போன்றது. இலக்கியத் துறை மாணவர் அப்படி ஒரு பதிப்பைக் கொண்டுவந்தால் வாய்மொழித் தேர்வில் தப்பமாட்டார். பொறியியல் துறையில் தப்புகிறார்கள்.

வேண்டுவன பெரியவை அல்ல. பட்டியல் பூட்டில்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் எந்தப் பதிப்பு முதல், எந்தப் பக்கம், எவ்வளவு என்று எழுத வேண்டும். ஒப்பேற்றிய இடம் ஒவ்வொன்றும், ஒப்பேற்றியவர் பெயரோடும் காரணத்தோடும் வடிவமைப்பு அறிக்கையின் முதற்பகுதியில் நிற்க வேண்டும், பின்னிணைப்பில் அல்ல. ஸ்லைப்னரின் அந்த முக்கோணச் சுவருக்கு, சமநிலை விதியைக் கொண்டு ஒரே தாளில் போடத்தக்க கைக்கணக்கே எச்சரிக்கை தந்திருக்கும். அந்தத் தாளையும் அறிக்கையோடு இணைக்கச் சொல்வதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.