நாய்க்குட்டிக்கு நிலாச்சோறு

மாலை 6 மணி. ஹால் நடுவே ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் பால் சோறு. சுற்றி அப்பா, அம்மா, பாட்டி, ப்ளஸ் டூ பையன், போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. ஒரு அனைத்துக் கட்சிக் கூட்டமே நடக்கிறது. நடுநாயகமாக 45 நாள் ஆன ஒரு பக் குட்டி உட்கார்ந்துகொண்டு எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது. தட்டை மட்டும் பார்ப்பதில்லை.

"சாப்பிடுடா செல்லம்" என்கிறார் பாட்டி. செல்லம் கொட்டாவி விடுகிறது. அம்மா ஒரு பிஸ்கட்டை நொறுக்கிச் சோற்றில் தூவுகிறார். குட்டி துகளை மட்டும் நக்கிவிட்டுப் பின்வாங்குகிறது. பையன் ஓடிப்போய் முட்டை அவித்துக் கொண்டுவருகிறான். முட்டை உள்ளே போகிறது, சோறு அப்படியே இருக்கிறது. கடைசியில் அப்பா தீர்ப்பு வாசிக்கிறார்: "இதுக்கு நாக்கு நீளம். காசு கொடுத்து வாங்கின ஜாதி நாய் இல்லையா, அப்படித்தான் இருக்கும்." கூட்டம் கலைகிறது.

சென்னையோ திருச்சியோ, குட்டி வாங்கிய முதல் மாதத்தில் இந்த நாடகம் நடக்காத வீடு அபூர்வம். தீர்ப்பும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான். குற்றவாளிக் கூண்டில் குட்டி. வழக்கை ஒழுங்காக விசாரித்தால் கூண்டில் யார் நிற்க வேண்டும் என்பது வேறு கதை.

"அடம் பிடிக்குது" என்கிற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி விஷயங்களைப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒன்று, வயிறு ஏற்கெனவே நிறைந்த குட்டி. இரண்டு, இயல்பிலேயே கொஞ்சமாகச் சாப்பிடுகிற, நல்ல ஆரோக்கியமான குட்டி. மூன்று, நோய் வந்த குட்டி. முதல் இரண்டுக்கும் ஒன்றும் ஆகிவிடாது, வீட்டுக்காரர்களுக்குத்தான் பிபி ஏறும். மூன்றாவது குட்டி அந்த ஒரு சொல்லாலேயே செத்துப்போகும். "நாளைக்குப் பார்த்துக்கலாம், அடம்தானே" என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டதால் போன குட்டிகள் நிறைய.

முதலில் வயிறு நிறைந்த குட்டி. கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கு ஒன்று உண்டு. 2 கிலோ எடையுள்ள ஒரு குட்டி சும்மா படுத்துக் கிடக்கவே நாளுக்கு 118 கலோரி வேண்டும். 4 மாதத்துக்கு உட்பட்ட, வளரும் குட்டிக்கு அதைப்போல 3 மடங்கு. ஆக மொத்தம் சுமார் 350 கலோரி. அவ்வளவுதான். இப்போது குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். 100 கிராமுக்கு ஏறக்குறைய 450 கலோரி. பாட்டி காலையில் இரண்டு, பையன் காலேஜ் கிளம்பும்போது... மன்னிக்கவும், ஸ்கூல் கிளம்பும்போது இரண்டு, டியூஷன் போய்வந்து இரண்டு, ஆன்ட்டி பாசத்தில் நாலு என்று 50 கிராம் உள்ளே போனால் 225 கலோரி. நாள் முழுவதற்கும் தேவையானதில் பாதிக்கு மேல் பிஸ்கட்டாகவே போய்விட்டது. அதற்கு மேல் ஒரு டம்ளர் பால். பிறகு 6 மணிக்குத் தட்டு வைத்துச் "சாப்பிடவே மாட்டேங்குது" என்று ஒப்பாரி. கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தவனை உட்கார வைத்து இட்லி பரிமாறினால் அவனும்தான் கொட்டாவி விடுவான்.

பால் கதைக்கு வருவோம். நாய்க்குட்டி என்றாலே பால் என்று யார் எழுதிவைத்தார்களோ தெரியாது, அந்தச் சட்டத்தை மட்டும் நம் வீடுகளில் யாரும் மீறுவதில்லை. தாய் நாயின் பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பசும்பாலில் அதிகமாக இருப்பது லாக்டோஸ் என்கிற சர்க்கரைதான். அதைச் செரிக்கும் சக்தியோ பால்குடி மறந்த குட்டிக்கு நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும். விளைவு, பல குட்டிகளுக்குப் பேதி. பேதி ஆனால் பசி போகும். பசி போனால் "பாவம், பாலாவது குடிக்கட்டும்" என்று இன்னும் கொஞ்சம் பால். சக்கரம் நன்றாகவே சுற்றுகிறது.

இந்தக் குட்டிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது 45 நாள் குட்டி. விற்றவர் பெருமையாகச் சொல்கிறார், வாங்கியவரும் பெருமையாகச் சொல்கிறார். நாய் வளர்த்து விற்பவர்களுக்காக மத்திய அரசு 2017ஆம் ஆண்டு கொண்டுவந்த விதிகள், 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. 8 வாரம் என்றால் 56 நாள். இடையில் இருக்கும் 11 நாள் ஒன்றும் அற்பமில்லை. திட உணவுக்குக் குட்டி முழுசாக மாறும் காலமே அதுதான். கூடப் பிறந்ததுகளோடு முட்டி மோதி ஒரே தட்டில் தின்னக் கற்றுக்கொள்வதும் அப்போதுதான். அந்தப் போட்டியிலிருந்து பிய்த்து எடுத்து, புது வீடு, புது வாசனை, புது தட்டு, சுற்றிலும் ஐந்து ராட்சச முகங்கள் என்று வைத்தால் குட்டி ஒன்றிரண்டு நாள் தயங்கத்தான் செய்யும். அதற்குப் பெயர் நாக்கு நீளம் இல்லை. பயம்.

அடுத்த கட்டம்தான் வேடிக்கை. சோறு வேண்டாம் என்றால் முட்டை வருகிறது. முட்டை அலுத்தால் கோழி வருகிறது. கோழியும் அலுத்தால் கோழி ஈரல். குட்டிக்கு ஒரே வாரத்தில் விஷயம் பிடிபட்டுவிடும்: காத்திருந்தால் இதைவிட நல்லது வரும். பாவ்லோவ் நாயைப் பழக்கினார் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். இங்கே நாய் ஒரு குடும்பத்தையே பழக்கி முடித்துவிடுகிறது :-) பிறகு அதற்கு நாக்கு நீளம் என்று பட்டம் வேறு. நாக்கை இழுத்து நீட்டியது யார்?

இரண்டாவது வகை, இயல்பாகவே கொஞ்சமாகச் சாப்பிடும் குட்டி. இங்கே கோளாறு குட்டியிடம் இல்லை, ஒப்பீட்டில் இருக்கிறது. "எதிர் வீட்டு லேப்ரடார் தட்டையே தின்னுடும் போலிருக்கு, நம்மது மோந்து பார்த்துட்டுப் போகுது" என்பார்கள். லேப்ரடாரோடு ஒப்பிடுவது சுத்த அநியாயம். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னது இது: லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியடங்கியதை மூளைக்குச் சொல்லும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அதாவது எதிர் வீட்டு நாய்க்குப் "போதும்" என்ற செய்தியே சரியாகப் போய்ச் சேராமல் இருக்கலாம். அதை அளவுகோலாக வைத்து ஒரு பக் குட்டியையோ சிப்பிப்பாறைக் குட்டியையோ அளக்கலாமா? சிப்பிப்பாறை ஓட்டத்துக்கென்றே உருவான இனம். ஒல்லியாக இருப்பது அதன் வாகு. அதைப் பார்த்து "என்னங்க, குட்டிக்குச் சோறு போடறதில்லையா?" என்று தெருவே கேட்கும். கேட்டதும் வளர்ப்பவர் ரோஷப்பட்டு உருட்டி உருட்டி ஊட்டுவார்.

அப்படி ஊட்டுவதற்கு ஒரு விலை உண்டு. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை 8 வார வயதிலிருந்தே ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குப் போடுவதைவிட இன்னொன்றுக்கு 25 சதவீதம் குறைத்துப் போட்டு, சாகும்வரை கவனித்தார்கள். முடிவு 2002இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை பாதிக்குப் பாதி 13 வயதைத் தாண்டின. மற்றவற்றுக்கு அது 11.2 வயது. மூட்டு வலியும் குறைவாகச் சாப்பிட்டவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. "நல்லா சாப்பிட்டாத்தான் நல்லா இருக்கும்" என்கிற பாட்டியின் வேதவாக்கு நாய் விஷயத்தில் கிட்டத்தட்ட இரண்டு வருட ஆயுளைத் தின்றுவிடுகிறது. குட்டி வாரா வாரம் எடை கூடுகிறதா, விலா எலும்பு கையில் தட்டுப்பட்டாலும் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியாமல் இருக்கிறதா, ஓடி விளையாடுகிறதா? அப்படியானால் தட்டில் மிச்சம் இருப்பதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

இதே மாதிரி இன்னொரு பாசத் தப்பு, கால்சியம் சிரப். சரியாகச் சாப்பிடாத குட்டிக்குச் சத்துக் குறையும், எலும்பு வளையும் என்று பயந்து பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறார்கள். கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு முதல் ஆறு மாதம் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை உடம்பு ஒதுக்கத் தெரியாது. கூடுதல் கால்சியமே எலும்பைக் கெடுக்கும். டாக்டர் சொல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

இவ்வளவும் கேட்ட பிறகு இன்னொரு கோஷ்டி கிளம்பும். "அதான் சார், ரெண்டு நாள் பட்டினி போட்டா தானா தின்னும். தெரு நாய்க்குட்டி எல்லாம் யார் ஊட்டியா வளருது?" நிலாச்சோறு ஊட்டும் கோஷ்டியைவிட இந்தக் கோஷ்டி ஆபத்தானது. தெருவில் கண்ணில் படுவது பிழைத்த குட்டி மட்டும்தான். மேற்கு வங்கத்தில் 364 தெருக் குட்டிகளைக் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 7 மாதம் வரை உயிரோடு இருந்தவை 19 சதவீதம். மற்றவை எல்லாம் பசியால் போகவில்லை, வண்டி, நோய், மனிதர்கள் என்று காரணம் பல. ஆனால் "தெருக்குட்டி தானா வளருது" என்பது பச்சைப் பொய் என்று தெரிய அந்த ஒரு எண் போதும்.

வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் தாங்கும். இரண்டு மாதக் குட்டி தாங்காது. அதிலும் சிவாவா, பொமரேனியன் மாதிரிச் சின்ன இனக் குட்டிகளின் உடம்பில் சேமிப்பே கிடையாது. சில வேளை சாப்பாடு தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, நடுங்கி, வலிப்பு வந்து விழும். அப்போது ஈறில் கொஞ்சம் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டுமே தவிர, பட்டினிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கக் கூடாது.

இப்போது அந்த மூன்றாவது குட்டி. நேற்று வரை தின்ற குட்டி இன்று தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிஸ்கட்டும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். மூலையில் சுருண்டு கிடக்கிறது. பிறகு வாந்தி. பிறகு நாற்றத்தோடு ரத்தப் பேதி. இது பார்வோ. 1970களின் கடைசியில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. சீக்கிரம் கொண்டுபோய் ட்ரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மணி நேரம்தான். அந்த மணி நேரத்தைத்தான் "நாக்கு நீளம்" என்கிற தீர்ப்பு தின்கிறது.

"ஒரு ஊசி போட்டாச்சே" என்பதும் பதில் இல்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை போடச் சொல்கிறார்கள். பூச்சி மருந்தும் அப்படியே. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும். வயிறு மட்டும் பானை மாதிரி, உடம்பு ஒல்லி, சாப்பாட்டில் நாட்டமில்லை என்றால் தேட வேண்டியது புது மெனு இல்லை, பூச்சி மருந்து.

வழி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வாங்கிய இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே முதல் சில நாள் போட்டு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். 3 மாதம் வரை நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, பிறகு 2 வேளை. லேசான வெதுவெதுப்பில், கூட்டம் கூடாத ஒரு மூலையில் தட்டை வைத்து, 15, 20 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை வரை பிஸ்கட் கிடையாது. சோறு தப்பில்லை, மாவுச்சத்து செரிக்கும் திறமை ஓநாயைவிட நாய்க்கு அதிகம். ஆனால் வெறும் சோறு வளரும் குட்டிக்குப் போதாது. நேற்றைய சாம்பார், பிரியாணி மிச்சம் வேண்டவே வேண்டாம், வெங்காயம் நாய்க்கு விஷம். 3 மாதத்துக்குப் பிறகு பல் மாறும்போது கொஞ்ச நாள் குறைவாகத் தின்னும், தீனியை ஊறவைத்துக் கொடுத்தால் போதும். துவண்டு கிடந்து இரண்டு வேளை தொடர்ந்து தட்டைத் தொடவில்லை என்றாலோ, வாந்தி, பேதி கூட வந்தாலோ, கூட்டம் போட்டுப் பேசாமல் நேராக டாக்டரிடம். தனியார் கிளினிக் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது, சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

பாட்டியின் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. நிலாவைக் காட்டி ஒரு வாய் அதிகம் ஊட்டியே பிள்ளைகளை வளர்த்த கை அது. ஆனால் குழந்தைக்கு வலித்தால் என்றைக்காவது வாய் திறந்து சொல்லும். நாய்க்குட்டியிடம் இருப்பது ஒரே ஒரு மொழி, தட்டிலிருந்து தள்ளிப் போவது. அதற்கு "அடம்" என்று மட்டுமே அர்த்தம் எழுதி வைத்திருக்கும் அகராதியை முதலில் கிழித்துப் போடட்டும். குட்டி வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.